நிக்கலஸ் எறியக்கூடாது

கிரின்ஸ்டெட்
டென்மார்க்
12 மே 2025

அன்புள்ள ஸ்ரான்லி மாமாவுக்கு,

நேற்று ஆட்டம் முடிந்து கிளம்பும்போது எங்கள் நிக்கலஸ் அண்ணா காரின் கதவை இடக்கையால் திறந்தார். நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு இந்தக் கிழமை காலை வேலை. எனக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வழக்கம்போல் பொதி கட்டும் பகுதி. உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தைக் கண்டு நீங்கள் சிரிப்பீர்கள். கனகசபை அங்கிளோடு கார் நிறுத்துமிடத்தில் சண்டை வந்த பிறகு நீங்கள்தான் சட்டம் போட்டீர்கள்: "ஆர் விளையாடியிருக்க வேணும், ஆர் வெளியில இருந்திருக்க வேணும் எண்டு மைதானத்தில ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. சொல்ல ஏதும் இருந்தால் எழுதித் தபால்ல போடுங்கோ." அதற்கு டானியல் அண்ணா, "முத்திரை விக்கிற விலைக்கு என்ர கருத்து பெறுமதியில்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு வருடமாக ஒருவரும் எழுதவில்லை. எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. நேரில் என்றால் எனக்குப் பேச்சு வராது.

நான் விளையாடுவதில்லை. ஆனால் நெய்தல் அணியின் ஒரு பேஸ்போல் ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. பந்து பிடிப்பவருக்குப் பின்னால் உள்ள கம்பி வலையடியில் நிற்பேன். அங்கிருந்துதான் பந்து வரும் பாதை சரியாகத் தெரியும்.

குளோறியா மச்சாளை ஏழாவதாக அடிக்க அனுப்பாதீர்கள். உங்கள் மகளை முன்னுக்கு விடுகிறீர்கள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். அது அணிக்கு நட்டம். நல்ல பந்து வரும்வரை பொறுமையாக நிற்பவர் நம்மிடம் அவர் ஒருவர்தான். அவரை முதலாவதாக அனுப்புங்கள்.

அடுத்தது நிக்கலஸ் அண்ணா. முதல் மூன்று இனிங்கிலும் அவர் எறிந்ததில் ஒரு குறையும் இல்லை. நான்காவதில் முழங்கை தாழத் தொடங்கியது. பந்து தாழ்ந்து வெளியே போனது. அடிக்கவே தேவையில்லாமல் எதிரணிக்காரர் வரிசையாக முதல் தளத்துக்கு நடந்து போனார்கள். நான்காவது இனிங்கிலிருந்து வேறு யாரையாவது எறியவிடுவதைப் பற்றி யோசியுங்கள்.

மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அதிகம் எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் மருமகள்,
எமிலியா


மடு மாதா துணை

எஸ்பியர்க்
20 மே 2025

அன்பு மருமகள் எமிலியாவுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் நலமாக இருக்கிறோம். முழங்கால், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துப் படிகளில் ஏறும்போது மட்டும் தன் வயதைச் சொல்கிறது.

பிள்ளை, என் சட்டத்தின்படி வந்த முதற் கடிதம் உன்னுடையதுதான். கையால் எழுதிய உறையைக் கண்டதும் மாமிக்குப் பயம் பிடித்துவிட்டது. "ஊரில ஆருக்கும் ஏதுமோ தெரியேல்ல, கெதியா உடையுங்கோ" என்றாள். உடைத்தால், எனக்கு அணி நடத்தத் தெரியாது என்று இரண்டு பக்கம்! குளோறியா வாங்கி வாசித்துவிட்டு, "அப்பா, கோயில்ல கையை மட்டும் காட்டிப்போட்டுப் போற எமியா இது?" என்று கேட்டாள். பெருமையாகத்தான் கேட்டாள்.

அவளைப் பற்றி நீ எழுதியது சரி. என் மனத்தில் இருந்ததை வலைக்குப் பின்னால் நின்று எப்படிப் படித்தாய்? அடுத்த ஆட்டத்தில் அவளை முதலில் விடுகிறேன்.

நிக்கலஸ் எப்போதும் மெதுவாகத்தான் சூடாவான். மே மாதக் குளிருக்கு யாருடைய முழங்கையும் தாழும். வெயில் வந்தால் சரியாகும். கனடாவில் அண்ணருடன் இருந்த காலத்தில் நான் பார்த்த எறிபவர்களில்கூட இவனைப்போல் கை வைத்திருந்தவர்கள் குறைவு.

அம்மாவுக்கு அண்ணை கேட்டதாகச் சொல்லு. நன்றாகச் சாப்பிடு.

மாமா ஸ்ரான்லி


கிரின்ஸ்டெட்
2 யூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஊர்ச் செய்தியென்று மாமி பயந்ததைக் கேட்டு அவரும் சிரித்தார். அவருக்குக் கொஞ்சம் தடிமனும் இருமலும், வேறு குறை இல்லை.

நேற்று வென்றதில் எனக்கு மிகவும் சந்தோசம். குளோறியா மச்சாள் முதல் ஆளாகப் போய் அந்த எறிபவரைக் களைக்கச் செய்ததைக் கவனித்தீர்களா? அவருக்குப் பின்னால் போனவர்களுக்கு வேலை பாதியாகிவிட்டது. டானியல் அண்ணாவை வலப்பக்க மூலையிலேயே வைத்திருங்கள். ஓட்டம் மெதுவென்றாலும் பந்து எங்கே விழும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது.

காரின் கதவைப் பற்றி எழுதியிருந்தேன். நீங்கள் அதற்கு ஒன்றும் எழுதவில்லை. வாசிக்கும்போது விடுபட்டிருக்கலாம்.

நேற்றும் இடக்கைதான். வழியில் நான் கேட்டேன்.

"கை நோகுதா?"

"நித்திரை கொண்ட விதம் பிழை."

"மூன்று கிழமையா ஒரே மாதிரியா நித்திரை கொள்ளுறீங்கள்?"

"எமி, கோயில்ல வாய் திறக்கமாட்டாய். காருக்குள்ள மட்டும் பொலிஸ். அம்மாவிட்டச் சொல்லாதை."

அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். உங்களிடம் சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை.

மாமா, அவர் தச்சு வேலை பழகுகிறவர். இலையுதிர் காலத்தில் இறுதித் தேர்வு. அதில் தேறினால்தான் அவர் முழுத் தச்சர். வலக்கை இல்லாமல் அந்தத் தேர்வில் என்ன செய்வார்?

வேலைக்கு நேரமாகிறது. மாமிக்கும் மச்சாளுக்கும் அன்பு.

எமிலியா


மடு மாதா துணை

எஸ்பியர்க்
11 யூன் 2025

அன்பு மருமகளுக்கு,

உன் தாயின் தடிமன் மாறிவிட்டதா? இங்கே துறைமுகக் காற்று எல்லாரையும் இருமவைக்கிறது. மற்றப்படி குறைவில்லை.

வெற்றியை நினைத்து இன்னும் எனக்கு நித்திரை வருவதில்லை. டானியல் அந்தப் பந்தைப் பிடித்தபோது மாமி, "அவன் பிடிச்சதோ, பந்து அவனைப் பிடிச்சதோ" என்று கேட்டாள். அவனிடம் சொல்லிவிடாதே. இப்படியே போனால் ஓகஸ்ட் கடைசி ஞாயிறு இறுதி ஆட்டத்தில் நிற்போம். அணி தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு தூரம் போனதில்லை.

உன்னைப் பற்றியும் யோசிக்கிறேன். வாய்மொழித் தேர்வுக்குப் பயந்து ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டாய். ஏச எழுதவில்லை. இப்படி எழுதத் தெரிந்த பிள்ளை ரொட்டிக்குப் பொதி கட்டிக்கொண்டே இருக்கவேண்டுமா என்று உன் தாய் என்னிடம் கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

நிக்கலஸ் நம்முடைய ஆள். அவனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நீ கவலைப்படாதே.

மாமா


கிரின்ஸ்டெட்
23 யூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. இன்று சங் ஹான்ஸ் திருவிழா. ஏரிக்கரையில் நெருப்பு மூட்டுவதைப் பார்க்க அவர் வேலைத் தோழிகளோடு போயிருக்கிறார். நான் போகவில்லை, எழுதவேண்டியது இருந்தது.

அம்மாவிடம், ரொட்டி நான் பேசாததைப் பற்றிக் குறை சொல்வதில்லை என்று சொல்லுங்கள். படிப்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அது இந்தக் கடிதத்தின் விஷயம் இல்லை.

நேற்றுத் தோற்றது அண்ணாவின் பிழையில்லை. அவரை ஆறாவது இனிங் வரை எறியும் மேட்டில் நிறுத்தியது பிழை. ஐந்தாவதிலேயே வேகப் பந்தை விட்டுவிட்டார். மெதுவான பந்தை மட்டுமே எறிந்தார். எதிரணிக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துக் காத்திருந்து அடித்தார்கள். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் அவர் தொப்பியைச் சரிசெய்வதுபோல் கையை ஆற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனவே நீங்கள் காணவில்லை என்று இனி என்னால் நினைக்க முடியாது.

எறிய வேறு ஆள் இல்லை என்பீர்கள். இருந்தார். கனகசபை அங்கிளின் மகன் நிதுஷன். அவர் பந்து அண்ணாவுடையதைவிட வேகம் குறைவு. ஆனால் முதல் இனிங்கில் எப்படி எறிவாரோ அப்படியே ஏழாவதிலும் எறிவார். அவரை ஹோர்சன்ஸிலிருந்து திரும்பக் கூப்பிடுங்கள்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

எமிலியா


கிரின்ஸ்டெட்
14 யூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. சுகயீனமோ என்று பயந்தேன். பிறகு அம்மாவின் கைத்தொலைபேசியில் நீங்கள் மீன் சுடும் படம் பார்த்தேன். சுகமாக இருப்பதில் மகிழ்ச்சி.

எங்கள் சந்தியில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். இனிக் கடைக்காரரிடம்தான் கொடுக்கவேண்டும். கொடுக்கும்போது ஏதாவது சொல்லவும் வேண்டும். இருந்தாலும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அண்ணா கூரைச் சட்டம் ஒன்றைத் தூக்கமுடியாமல் கீழே நின்ற பையனைக் கூப்பிட்டாராம். அவருடைய முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். லீவு என்று அண்ணா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வைத்தியரிடம் போகச் சொன்னேன். "இறுதி ஆட்டம் முடியட்டும், அதுக்குப் பிறகு கையைக் கழட்டி வேணுமெண்டாலும் குடுக்கிறன்" என்று சிரித்தார். சிரிக்கும்போதும் தோளை அசைக்கவில்லை.

நிக்கலஸ் எறியக்கூடாது. நீங்கள் பதில் போடும்வரை இதையே எழுதிக்கொண்டிருப்பேன்.

மாமியின் தோட்டத்தில் தக்காளி காய்த்துவிட்டதா?

எமிலியா


மடு மாதா துணை

எஸ்பியர்க்
22 யூலை 2025

அன்பு எமிலியாவுக்கு,

தக்காளி காய்த்திருக்கிறது. மாமி உனக்கென்று ஒரு பை எடுத்துவைத்திருக்கிறாள்.

நான் கண்டேன், பிள்ளை. மே மாதமே கண்டேன். நீ எழுதிய கதவை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். "மாமா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, இந்த வருசம் மட்டும்" என்று நிக்கலஸ் கேட்டான். சரி என்றேன். உனக்குப் பதில் எழுதினால் முடிவு ஒன்று எடுக்கவேண்டி வரும். அதனால் எழுதவில்லை.

இனி நிதுஷன். அந்தச் சண்டை நடந்த நாளில் அவனைப் பாதி ஆட்டத்தில் வெளியே எடுத்துவிட்டு நிக்கலஸை எறியவிட்டேன். "உம்மட மருமகன் எண்டபடியால்தானே" என்று கனகசபை எல்லார் முன்னாலும் கேட்டார். நானும் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேன். அது ஆறியிருக்கும். ஆனால் அடுத்த வருடம் அவர் மகள் கஜந்தியின் கல்யாணம் வந்தது. ஒன்றாகச் சாப்பிட்டுத் திரிந்த மனிதர். வீட்டுக்கு வந்து, "ஸ்ரான்லி, பிள்ளையின்ர கல்யாணம், நீங்கள் எல்லாரும் வரவேணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் முதல் நாளே போய் மணவறைக்கு ஆணி அடித்திருப்பேன். அவர் அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினார். மின்சாரக் கட்டணத்தோடு சேர்ந்து வந்து விழுந்தது. நாங்கள் போகவில்லை. அதன்பிறகு அவர்கள் எங்களோடு கதைப்பதில்லை.

நிதுஷனின் பெயரை அணிப் பதிவிலிருந்து நான் இன்னும் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. ஆனால் அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கமாட்டேன்.

மாமா


கிரின்ஸ்டெட்
28 யூலை 2025

மதிப்புக்குரிய கனகசபை அங்கிளுக்கு,

வணக்கம். அன்ரியும் நீங்களும் நிதுஷன் அண்ணாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் மேரிசெலினின் மகள் எமிலியா. ஸ்ரான்லி மாமாவின் மருமகள், நிக்கலஸின் தங்கை. நெய்தல் அணியின் ஆட்டங்களில் வலைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை என்றால் நினைவு வரலாம்.

என் அண்ணாவின் தோள் பழுதாகிக்கொண்டு வருகிறது. ஓகஸ்ட் 31ஆம் தேதி இறுதி ஆட்டம், நாங்கள் அதற்கு வந்துவிடுவோம் போலிருக்கிறது. நம்மிடம் அன்றைக்கு எறியக்கூடிய வேறு ஆள் நிதுஷன் அண்ணா மட்டும்தான். அவர் பெயர் இன்னும் அணியில் இருக்கிறது. அவர் வந்து எறிந்தால் என் அண்ணா வெளியே இருக்கலாம்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவரை வெளியே எடுத்ததைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்று அவர் நன்றாகவே எறிந்தார். இரண்டாம் தளத்தில் நின்றவர் இரண்டு பந்துகளைத் தவறவிட்டதுதான் பிழை. அன்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தயவுசெய்து அவரை அனுப்பிவையுங்கள். அன்ரிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
எமிலியா


ஹோர்சன்ஸ்
6 ஓகஸ்ட் 2025

அன்புள்ள பிள்ளை எமிலியாவுக்கு,

இங்கு யாவரும் நலம். உங்கள் வீட்டாரின் நலமறிய ஆவல். இந்த நாட்டில் எனக்குத் தமிழில் கடிதம் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. வாசிக்கக் கண்ணாடி தேடினேன்.

அன்று நிதுஷன் நன்றாக எறிந்தான் என்று எங்கள் வீட்டுக்கு வெளியே சொன்ன முதல் ஆள் நீ. அவனிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் எறிவதை விடவில்லை. இங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறான்.

ஒன்று தெரிந்துகொள். கஜந்தியின் கல்யாணத்துக்கு முன் எனக்கு இரண்டு கண்ணிலும் சத்திரசிகிச்சை. காரோட்டக் கூடாது என்றார்கள். தூரத்து வீடுகளுக்கு அழைப்பிதழைத் தபாலில்தான் அனுப்பினோம். ஸ்ரான்லியின் அழைப்பிதழில் மட்டும் கீழே என் கையால் இரண்டு வரி எழுதினேன். தெரியாத கண்ணால் எழுதியது, கோணலாக இருந்திருக்கும். முன்வரிசையில் அவர்களுக்கென்று கதிரை போட்டிருந்தோம். கடைசிவரை வெறுமையாகவே இருந்தது.

நீ கேட்பது கடிதத்தில் கேட்கிற விஷயம் இல்லை, பிள்ளை. தபாலை நம்பி நான் ஒருமுறை பட்டது போதும். வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து கேட்கவேண்டும்.

உன் அண்ணனின் கை சுகமாகக் கடவுளை வேண்டுகிறேன்.

கனகசபை


கிரின்ஸ்டெட்
11 ஓகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அனைவரும் சுகமா? தக்காளி ருசியாக இருந்தது. அம்மா சம்பல் செய்தார்.

நான் கனகசபை அங்கிளுக்கு எழுதினேன். உங்களைக் கேட்கவில்லை. அவருடைய பதிலை இதனோடு வைக்கிறேன். கண்ணைப் பற்றிய இடத்தை இரண்டு முறை வாசியுங்கள்.

நேற்றைய ஆட்டத்தில் வென்றோம், இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எல்லாரும் துள்ளினார்கள். நான் துள்ளவில்லை. கடைசி இனிங்கில் அண்ணா எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் என் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்களும் அப்படித்தான் நின்றீர்கள்.

ஹோர்சன்ஸ் போய் வாருங்கள், மாமா. ஒரு பின்னேரம் போதும்.

எமிலியா


மடு மாதா துணை

எஸ்பியர்க்
15 ஓகஸ்ட் 2025

அன்பு மருமகளுக்கு,

இன்று மாதாவின் விண்ணேற்புத் திருநாள். பூசையில் உங்கள் எல்லாருக்காகவும் மன்றாடினேன். நிக்கலஸின் தோளுக்காகத் தனியாகவும்.

கனகசபையின் கடிதத்தை வாசித்தேன். மாமியும் வாசித்தாள். அவள் அறையைவிட்டு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த அழைப்பிதழை நான் திறந்து பார்க்கவேயில்லை. உறையைக் கண்டதும் குப்பைக்குப் போட்டேன். கோணல் எழுத்தில் என்ன எழுதியிருந்தார் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

ஆனால் கண் தெரியாவிட்டால் வாய் இருந்ததுதானே. ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாம். இப்போது எனக்கு ஆள் தேவைப்படும் நேரத்தில் போய் அவர் வாசலில் நின்றால், தேவைக்காக வந்தான் என்றுதானே நினைப்பார்? என்னால் ஏலாது, பிள்ளை.

ஆட்டத்துக்கு முன் நிக்கலஸ் நோவுக் குளிசை போட்டுக்கொள்வான். மூன்று இனிங் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். ஒரு நாள்தானே. என்னோடு கோபப்படாதே.

மாமா


கிரின்ஸ்டெட்
24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா சுகம். நானும் சுகம். இதைத் தபாலில் போடவில்லை. டானியல் அண்ணா நாளைக்கு எஸ்பியர்க்குக்கு வேலைக்கு வரும்போது உங்கள் கையில் தருவார். அவர் முன்னாலேயே வாசியுங்கள், பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிடாதீர்கள்.

மூன்று இனிங் என்று அண்ணா எத்தனை முறை சொல்லியிருக்கிறார் என்பது உங்களுக்கும் தெரியும்.

நேற்று நான் ஹோர்சன்ஸுக்குப் போனேன். சப்பாத்து வாங்கப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். வைல நகர் வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். "அங்கிள், நிதுஷன் அண்ணாவைக் கூப்பிட வந்திருக்கிறன்" என்ற ஒரே வசனத்தை வழி முழுக்க மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மணியை அழுத்தியதும் அது மறந்துபோனது.

கதவைத் திறந்தவர் கமலாதேவி அன்ரி.

"ஆர் பிள்ளை? ஆரைத் தேடுறீர்?"

வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அன்ரி உள்ளே திரும்பி, "இஞ்சாருங்கோ, ஒரு பிள்ளை வந்து நிக்குது, ஒண்டும் கதைக்குதில்லை" என்றார்.

"அப்ப அது ஸ்ரான்லியின்ர மருமகள். உள்ள கூப்பிடும்" என்று அங்கிளின் குரல் கேட்டது.

தேத்தண்ணியும் வடையும் வந்தன. அங்கிள் எனக்கு எதிரே கதிரையைப் போட்டு இருந்தார். "நீ எழுதினதை வாசிச்சிட்டன். இப்ப வாயால சொல்லு. எனக்கு அவசரமில்லை" என்றார். உண்மையாகவே அவசரப்படாமல் இருந்தார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அண்ணாவின்ர தோள் நோகுது. அவர் எறியப்படாது. நிதுஷன் அண்ணா வரவேணும்."

"ஸ்ரான்லி அனுப்பினதோ?"

"இல்லை."

"நீ வந்தது அவனுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"மேரிசெலினுக்கு?"

"சப்பாத்து வாங்கப் போனது எண்டு தெரியும்."

அன்ரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. என் கோப்பையில் இன்னும் தேத்தண்ணி ஊற்றினார். பிறகு கேட்டார்:

"சரி. உன்ர மாமா எப்ப வாறான்?"

மாமா, நான் அதை யோசித்துச் சொல்லவில்லை. "வாற சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு" என்றேன். சொன்ன பிறகு திருப்பி எடுக்கவும் இல்லை.

"மாமியையும் கூட்டிக்கொண்டு வரட்டாம் எண்டு சொல்லும்" என்றார் அன்ரி. றோல்ஸ் செய்வாராம்.

நிதுஷன் அண்ணா அதுவரை குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் முதல் இனிங்கிலயிருந்தோ?" என்று கேட்டார். "ஓம், கடைசி மட்டும்" என்றேன். தகப்பனைப் பார்த்தார். தகப்பன், "என்னை ஏன் பாக்கிறாய், தெரிவு செய்யிற ஆள் அங்கயெல்லோ இருக்குது" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

தேவைக்காக வந்தான் என்று அவர் நினைப்பார் என எழுதியிருந்தீர்கள். தேவைக்காக வந்தது நான். நான்தான் கேட்டேன், கிடைத்துவிட்டது. நீங்கள் சனிக்கிழமை எதுவும் கேட்கவேண்டியதில்லை. கண் சுகமோ என்று மட்டும் விசாரியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாவிடமும் அம்மாவிடமும் ஒன்றாக வைத்துச் சொன்னேன். தோளைப் பற்றி, கூரைச் சட்டத்தைப் பற்றி, எல்லாவற்றையும். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று அண்ணாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை மீறிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அம்மா அவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறார். அண்ணா, "ஆர் இதையெல்லாம் முடிவெடுத்தது?" என்று கேட்டார். "நான்" என்றேன். டேனிஷில் ஏதோ சொன்னார், அதை உங்களுக்கு எழுதமுடியாது. அதன்பிறகு என்னோடு கதைக்கவில்லை.

மச்சாளை முதலாவதாகவே அனுப்புங்கள். மாமிக்கு என் அன்பு. முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு போங்கள், கனகசபை அங்கிள் வீடு மூன்றாம் மாடி.

உங்கள் மருமகள்,
எமிலியா

பி.கு.: இதை மடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினார். நான் எழுந்து போய்க் கதவை மறித்து நின்று, பையைத் திறந்து, பந்துகளை எல்லாம் வெளியே எடுத்தேன்.